நட்டை முறுக்கினால் மட்டும் போதாது: டிரம் பிரேக் பராமரிப்பு

மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கிவிட்டால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பிரேக் ராடின் நுனியில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று முறுக்குவோம். மிதி மேலே வந்துவிடும். பிரேக் சரியாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பட்டறைக்குக் கொண்டு போனாலும், "ரெண்டு சுத்து வெச்சு விட்டிருக்கறனுங்க, இப்ப ஓட்டிப் பாருங்க" என்பதோடு வேலை முடிந்துவிடுவது உண்டு. பிரேக் ஷூக்களின் மேல் ஒட்டியிருக்கும் உரசுப்பட்டையான லைனிங் தேய்ந்ததால் உண்டான இடைவெளியை அந்த நட்டு ஈடுகட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் டிரம்முக்குள் எவ்வளவு தூசி சேர்ந்திருக்கிறது, ஷூக்களை விரிக்கும் கேம் தடையில்லாமல் திரும்புகிறதா, ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளில் இன்னும் வலு இருக்கிறதா என்ற எதையும் அது நமக்குக் காட்டுவதில்லை. மிதி மட்டும் சரியான உயரத்தில் இருப்பதால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். டிரம் பிரேக் கெடுவது பெரும்பாலும் இந்த நினைப்பினால்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். முன்னும் பின்னும் 130 மி.மீ. விட்டமுள்ள டிரம் பிரேக்குகள். இதே அமைப்புதான் சிறுசிறு மாற்றங்களோடு நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரேக்கைப் பற்றிக் கூடுதலாக அக்கறைப்பட ஒரு காரணம் உண்டு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது எஞ்சினுக்குத்தான் சோதனை. இறங்கும்போது சோதனை முழுவதும் பிரேக்குக்கு.

வேலையில் இறங்குவதற்கு முன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சக்கரத்தின் அலுமினிய ஹப்புக்குள் வார்ப்பிரும்பு வளையம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும், அதுதான் டிரம். அதற்குள் பிறைவடிவில் இரண்டு ஷூக்கள், சக்கரத்தோடு சுழலாத பிரேக் பிளேட்டின் மேல் அமர்ந்திருக்கும். ஷூக்களின் ஒரு முனை ஊன்று முளையிலும் மறுமுனை கேமின் இரு தட்டைப் பக்கங்களிலும் சாய்ந்திருக்கும். நாம் மிதியை அழுத்தும்போது கேம் தண்டின் வெளிமுனையில் பூட்டியிருக்கும் பிரேக் ஆர்மை ராடு இழுக்கிறது, ஆர்ம் கேமைத் திருப்புகிறது, கேம் ஷூக்களை விரித்து டிரம்மின் மேல் அழுத்துகிறது. சுழலும் டிரம் முதலில் கேம் முனையையும் பிறகு ஊன்று முனையையும் கடக்கும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். மற்ற ஷூவை அதே சுழற்சி சற்றுத் தள்ளிவிடும். எண்ணெய் அழுத்தம் எதுவும் இல்லாமல், கால் விசையை மட்டும் வைத்து இவ்வளவு எடையை நிறுத்த முடிவது முதல் ஷூவுக்குக் கிடைக்கும் அந்த உதவியால்தான்.

இந்த அமைப்பில் நான் முதலில் பார்ப்பது லைனிங்கை அன்று. ஆர்மும் ராடும் சேரும் கோணத்தை. அதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஒருவர் மிதியை நன்றாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் குனிந்து பார்த்தால் போதும். முழுமையாக அழுத்திய நிலையில் ஆர்முக்கும் ராடுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 90 பாகையாக இருக்க வேண்டும். அந்த நிலையில்தான் நம் கால் விசை முழுவதும் கேமைத் திருப்பப் பயன்படும். லைனிங் தேயத் தேய, அதை ஈடுகட்ட நாம் நட்டை முறுக்க முறுக்க, ஆர்ம் முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே போகும்; கோணம் 90 பாகையைத் தாண்டும்; அதே அளவு அழுத்தினாலும் கேமுக்குப் போய்ச் சேரும் விசை குறையும். பிரேக் 'கல் மாதிரி' இருக்கிறது, ஆனால் வண்டி நிற்பதில்லை என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

இதைச் சரிசெய்வதாக எண்ணி ஆர்மைக் கழற்றி, கேம் தண்டின் பற்களில் ஒரு பல் பின்னுக்குத் தள்ளிப் பூட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கேம் தண்டின் முனையிலும் ஆர்மிலும் ஒவ்வொரு புள்ளி குத்தப்பட்டிருக்கும். இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்பதுதான் உற்பத்தியாளரின் கணக்கு. ஆர்மை நகர்த்தினால் கோணம் அழகாகத் தெரியும். உள்ளே கேம் முன்பு எவ்வளவு திரும்பியிருந்ததோ அவ்வளவு திரும்பியே இருக்கும். லைனிங் எல்லை கடந்து தேய்ந்த பிறகும் இப்படி ஓட்டினால், கேம் தன் விளிம்பு வரை திரும்பி, ஷூக்களை விரித்தபடியே மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரம் அப்போது பூட்டிக்கொள்ளும். தேய்மானத்தைக் காட்டவென்றே ஆர்மின் அருகில் சிறிய அம்புக்குறித் தகடும், பிரேக் பிளேட்டில் அதற்கான அடையாளமும் வைத்திருக்கிறார்கள். பிரேக்கை முழுமையாக அழுத்தும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் ஷூவை மாற்றியாக வேண்டும்.

பின்சக்கரத்தைக் கழற்றுவது கடினமான வேலை அன்று. வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் ராடின் நட்டைக் கழற்றி ராடை விடுவிக்க வேண்டும். ராடின் ஸ்பிரிங்கையும் ஆர்முக்குள் இருக்கும் உருளை முளையையும் அப்போதே ராடில் திரும்பக் கோத்து, நட்டையும் ஏற்றி வைத்துவிட்டால் தேடி அலைய நேராது. பிறகு பிரேக் பிளேட்டையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் தாங்கு கம்பியின் முனையில் உள்ள பிளவு ஊசியை எடுத்து நட்டைக் கழற்ற வேண்டும். அதன்பின் ஆக்ஸில் நட்டைக் கழற்றி ஆக்ஸிலை உருவினால், ஆக்ஸிலில் கோத்திருக்கும் சிறு குழாயான வலப்பக்கத்து புஷ் கீழே விழும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கவனித்து எடுத்து வைக்கவும். இந்த வண்டியில் சங்கிலியும் பல்சக்கரமும் அவற்றின் இடத்திலேயே நிற்க, சக்கரம் மட்டும் தனியாக வந்துவிடுவது பெரிய வசதி. அப்போது வெளியே தெரியும் ஹப் ரப்பர்கள் நைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம்.

பிளேட்டை டிரம்மிலிருந்து தூக்கியதும் கரும்பழுப்பு நிறத்தில் நுண்தூசி கொட்டும். அதை வாயால் ஊதுவதும், பஞ்சர் கடைக் காற்றுக்குழாயைப் பிடித்து அடிப்பதும் நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், பிறரையும் செய்ய விடாதீர்கள். பிரேக் லைனிங்குகளில் நீண்ட காலம் ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டு வந்தது. அதன் நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பெஸ்டாஸை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஷூவில் அது இல்லை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், உலோகத்துகளும் பிசினும் கலந்த தூசி நுரையீரலுக்கு நல்லதன்று. வாய்க்கும் மூக்குக்கும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, சோப்பு கலந்த நீரைத் தெளித்துத் தூசியை முதலில் நனைத்துவிட வேண்டும். நனைந்த தூசி பறக்காது. பிறகு ஈரத்துணியால் வழித்தெடுத்து, அந்தத் துணியை ஒரு நெகிழிப் பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். துவைத்து மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒரு நாளைக்குப் பல வண்டிகளின் டிரம்மைத் திறக்கும் பட்டறைச் சிறுவர்களை நினைத்தால் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

ஷூக்களைப் பிரிக்க ஸ்குரூடிரைவரால் ஸ்பிரிங்கை நெம்ப வேண்டியதில்லை. இரண்டு ஷூக்களையும் இரு கைகளால் பற்றி, நடுவில் மடிப்பதுபோல் மேல்நோக்கித் தூக்கினால் ஸ்பிரிங்குகளோடு சேர்ந்தே வந்துவிடும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று உலோகப் பகுதியில் ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு ஷூவும் தன் இடத்துக்கு ஏற்பத் தேய்ந்து படிந்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் மறுபடியும் படிய நாளாகும். லைனிங்கின் தடிமனை, அது மிகவும் மெலிந்திருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். பெரும்பாலும் கேம் பக்கத்து முனைதான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். 2 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், கூடவே ஸ்பிரிங்குகளையும். தளர்ந்த ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுக்காது. ஷூ டிரம்மோடு உரசிக்கொண்டே இருக்கும். எரிபொருளும் வீண், லைனிங்கும் வீண்.

லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தால் அது இறுகிவிட்டது என்று பொருள். 80 அல்லது 100 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான பலகையின் மேல் விரித்து, ஷூவின் வளைவுக்கு ஏற்ப உருட்டி, அந்தப் பளபளப்பு போகும் வரை மெதுவாகத் தேய்க்கலாம். இங்கும் தூசியை நனைத்துக்கொள்வது கட்டாயம். லைனிங்கின் இரு முனைகளிலும் கூரிய விளிம்பு இருந்தால் அதைச் சாய்வாகத் தேய்த்து விடுவதனால் 'கிறீச்' சத்தம் பெரும்பாலும் அடங்கும். டிரம்மின் உட்புறத்தையும் எமரித் தாளால், சுழலும் திசைக்குக் குறுக்காகத் தேய்த்து, பிறகு சோப்பு நீரால் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் இரண்டையும் இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அழுக்கை நன்றாக எடுக்கும் என்பது சரி. போகும்போது எண்ணெய்ப்படலம் ஒன்றை விட்டுச் செல்லும் என்பதும் சரி. பிரேக் கிளீனர் என்று டப்பாவில் விற்கும் தெளிப்பான் எதையும் விட்டுவைக்காமல் ஆவியாகிவிடும். செலவு செய்ய முடிந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம். கிரீஸோ எண்ணெயோ ஊறிய லைனிங்கைக் கழுவியும் சுட்டும் மீட்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லைனிங் நுண்துளைகள் உள்ள பொருள். உள்ளே இறங்கிய எண்ணெய் சூடேறும்போது மீண்டும் மேலே வரும். அதைத் தூக்கி எறிவதுதான் பாதுகாப்பு. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புது ஷூ போடுவதும் பயனற்றது. பேரிங்கில் அளவுக்கு மேல் அடைத்த கிரீஸ், சீல் கிழிந்த இடம், முன்சக்கரமாக இருந்தால் ஸ்பீடோமீட்டர் பற்சக்கரப் பெட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டிரம்மும் தேயும். உள்விட்டம் 130 மி.மீ.யிலிருந்து 131 மி.மீ. ஆகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பல ஹப்புகளில் இந்த எல்லை அளவு உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். விரல் நகத்தில் தட்டும் அளவுக்குப் பள்ளக் கோடுகள் இருந்து, விட்டம் எல்லைக்குள்ளும் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம். லாரிகளை நம்பி வாழும் நாமக்கல்லில் டிரம் கடைய லேத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரி டிரம்மின் தடிமனுக்குப் பழகிய கைகளிடம், எவ்வளவு குறைவாகச் சீவ வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் சக்கரமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கம்பிகளைச் சமமில்லாமல் இறுக்கினால் டிரம் வட்டம் தவறிப்போகும். பிரேக் பிடிக்கும்போது மிதி காலடியில் துடிப்பது அதன் அறிகுறி.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படும் உறுப்பு கேம்தான். ஷூவை மாற்றுபவர்கள்கூடக் கேம் தண்டை உருவிப் பார்ப்பதில்லை. பிளேட்டின் துளைக்குள் மழைநீரும் தூசியும் புகுந்து, பழைய கிரீஸ் காய்ந்து, தண்டு இறுகிப்போகும். இறுகிய கேம் அழுத்தும்போது சோம்பலாகத் திரும்பும். விட்டதும் பழைய இடத்துக்கு வராது. நம் கால் விசையில் ஒரு பகுதி லைனிங்கை அடையும் முன்பே அந்தத் துளைக்குள் செலவாகிவிடும். ஆர்மின் போல்ட்டைக் கழற்றி, புள்ளிகளின் நிலையைக் குறித்துக்கொண்டு, ஆர்மையும் அம்புத் தகட்டையும் பஞ்சு வளையத்தையும் எடுத்தபின் தண்டை உருவ வேண்டும். துருவை மெல்லிய எமரித் தாளால் நீக்கி, துளையையும் துணியால் துடைத்து, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். கேமின் தட்டைப் பக்கங்களிலும் ஊன்று முளையிலும் விரல் நுனியில் எடுத்த அளவு போதும். மிஞ்சியதைத் துடைத்து விடவும். சாதாரண சேஸ் கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கின் மேல் வழியும். பஞ்சு வளையத்தில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டால் அது நீரைத் தடுக்கும். அம்புத் தகட்டின் அகலமான பல், தண்டின் அகலமான பள்ளத்தில் மட்டுமே சரியாக உட்காரும். பூட்டிய பின் ஆர்மை விரலால் தள்ளினால் கேம் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தபின் பழைய ஷூவோடேயே பிரேக் புதிதுபோல் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பப் பூட்டும்போது கவனம் சிதறக் கூடாத இடங்கள் இரண்டு. முன்சக்கரத்தில், பிளேட்டின் பள்ளம் ஃபோர்க் காலில் உள்ள புடைப்பைக் கவ்வியிருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் பற்சக்கரத்தின் நாக்குகள் ஹப்பின் வெட்டுகளில் விழுந்திருக்க வேண்டும். பின்சக்கரத்தில், தாங்கு கம்பியின் நட்டை இறுக்கி, புதிய பிளவு ஊசி போட்டு, அதன் கால்களை விரித்து மடக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுழல முயலும் பிளேட்டை நிறுத்திப் பிடிப்பது இவைதான். இது விடுபட்டால் பிளேட் சுழன்று, ராடை முறுக்கி, சக்கரத்தைப் பூட்டிவிடும். பழைய ஊசியை நிமிர்த்தி மீண்டும் போடுவதோ, அந்த இடத்தில் கம்பித் துண்டைச் சுற்றுவதோ வேண்டாம். சில ரூபாய்க்குப் புது ஊசி கிடைக்கிறது.

ஆக்ஸில் நட்டை முழுமையாக இறுக்குவதற்கு முன், சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு பிரேக்கை அழுத்தி, அப்படியே அழுத்திப் பிடித்த நிலையில் நட்டை இறுக்க வேண்டும். ஷூக்கள் டிரம்மின் நடுவில் பிளேட்டைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். இதைச் செய்யாமல் இறுக்கினால் ஒரு ஷூ மட்டும் ஓரிடத்தில் தொடும். பிரேக் பிடிப்பு பஞ்சுபோல் இருக்கும்.

இப்போதுதான் அந்த நட்டுக்கு வேலை. முன் பிரேக் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரையும், பின் மிதியில் 20 முதல் 30 மி.மீ. வரையும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் வெற்று அசைவு இருக்க வேண்டும். நட்டின் குழிந்த பக்கம் ஆர்மின் உருளை முளைமேல் பொருந்தி உட்கார வேண்டுமாதலால் அரை அரைச் சுற்றாகவே அது நகரும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்துக்குச் சரிசெய்த பிறகு பிரேக் விளக்கின் ஸ்விட்சையும் சரிபார்க்க வேண்டும்; மிதி சற்று இறங்கியதும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் தறுவாயில் விளக்கு எரிய வேண்டும். சங்கிலியை இறுக்கும்போது ஆக்ஸில் பின்னுக்குப் போவதால் பிரேக்கின் வெற்று அசைவு குறைந்துவிடும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சங்கிலி டைட் வைத்த மறுநாளே பின் டிரம் சூடாகிறது என்றால் காரணம் இதுதான். முன் பிரேக் கேபிளில் லீவர் பக்கத்து முனையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி. வரையிலான வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாவிட்டால் கூட்டு பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூட்டு பிரேக் உள்ள வண்டிகளில் பின் மிதியை அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். உள்ளே இருக்கும் ஷூவும் கேமும் மேலே சொன்னவைதாம். ஆனால் அட்ஜஸ்ட் செய்யும் வரிசை வேறு. ஒன்றைத் தனியாக முறுக்கினால் மற்றதன் பங்கு மாறிவிடும். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும்.

எப்போது திறக்க வேண்டும் என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை என்பேன். டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்ததும், பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே சிறிது தூரம் ஓட்டினால் லைனிங் காய்ந்துவிடும். ஈரத்தோடு இரவு நிறுத்திவிட்டால் டிரம்மில் துருப் படியும்; காலையில் முதல் முறை பிடிக்கும்போது சக்கரம் வெடுக்கென்று பற்றும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் கழுவுவதற்கு முன் வண்டி முழுவதும் டீசல் அடிக்கிறார்கள். ஹப்பின் பக்கம் அடிக்க வேண்டாம் என்று நின்று சொல்வது நம் கடமை. உயர் அழுத்தத் தண்ணீரையும் பிளேட்டும் டிரம்மும் சேரும் இடுக்கில் நேராகப் பாய்ச்ச விடக் கூடாது.

மலை இறக்கத்துக்கு வருகிறேன். தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் டிரம் சூடேறி விரியும். விரியும் டிரம் ஷூவை விட்டு விலகும். அதே நேரம் சூடேறிய லைனிங்கின் பிடிப்பும் குறையும். மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் பிரேக்கைப்போல் காற்று நேரடியாகப் படாததால் இந்தச் சூடு மெதுவாகத்தான் ஆறும். எந்த கியரில் அந்த வளைவை ஏற முடியுமோ அதே கியரில் இறங்குவதும், வளைவுக்கு முன் இரு பிரேக்குகளையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்துப் பிறகு முழுமையாக விட்டுவிடுவதும்தான் வழி. தீய்ந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சூடு தானாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூடான டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிரம் சூடாக இருக்கும்போது நட்டை முறுக்கவும் கூடாது. ஆறிச் சுருங்கியதும் ஷூ இறுகப் பற்றிக்கொள்ளும்.

புது ஷூ போட்டிருந்தால், அதன் வளைவு டிரம்மோடு முழுமையாகப் படியும் வரை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு இடைவெளி விட்டு நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். மலைப்பயணத்துக்கு முந்தின நாள் ஷூ மாற்றுவது சரியன்று. பழைய ஷூவையே சுத்தம் செய்து போட்டிருந்தாலும், பூட்டியவுடன் வீட்டுத் தெருவில் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்துப் பார்த்த பிறகுதான் பெரிய சாலைக்குப் போக வேண்டும். பிறகு ஐந்து கிலோமீட்டர்போலக் கூடுமானவரை பிரேக் பிடிக்காமல் ஓட்டிவந்து, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஷூ எங்கோ உரசுகிறது. நட்டை அரைச் சுற்று தளர்த்தி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் சூடு குறையவில்லை என்றால் கேமும் ஸ்பிரிங்கும் சரியாகத் திரும்புகின்றனவா என்று பார்க்கச் சக்கரத்தை இன்னொரு முறை இறக்க வேண்டியதுதான்.